மாடி ஜன்னல்

"ஐயோ, தள்ளி நில்லுங்க! படம் நனைஞ்சா என் ஒரு மாச உழைப்பு போச்சு!" என்று கத்தினார் ஓவியர் ஹூபெர்ட்.

வந்தவனின் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியிலோ நல்ல வெயில்.

"பீர் கடையிலேருந்து நேரா கால்வாய்ல இறங்கிட்டீங்களாக்கும்? நம்ம ஹார்லெம்ல வாரத்துக்கு ஒருத்தர் விழறது வழக்கந்தான்."

அவன் சிரிக்கவில்லை. மேஜைமேல் காய்ந்துகொண்டிருந்த மைச் சித்திரத்தையே பார்த்தான். மணல்மேடுகளுக்கு நடுவே ஒரு தோட்ட மாளிகை.

"கதவுல லேஸ் தொங்குதே?"

"வேறெதுக்குத் தொங்கும்? குழந்தை பிறந்திருக்கு. லேஸுக்குப் பின்னால பாதிக்கு வெள்ளைக் காகிதம் சொருகியிருக்கு பாருங்க, அப்படின்னா பொண்ணு."

அவன் முகம் மலர்ந்தது, உடனே வாடியது. விரல் படத்தின் மேல்பக்கம் போயிற்று.

"மாடி ஜன்னலையெல்லாம் சாத்தி வரைஞ்சிருக்கீங்க. அது சாவு வீட்டு அடையாளமாச்சே... பிரசவத்துல லைஸ்பெத்..."

"அச்சானியமா பேசாதீங்க! இந்தப் படத்தை வரையச் சொன்னதே அந்தம்மாதான். குத்துக்கல்லாட்டம் இருக்காங்க."

"நிஜமாவா? கண்ணால பார்த்தீங்களா?"

"முந்தாநாள் பார்த்தேன். இவ்வளவு தவிக்கிறவர் நேரா வீட்டுக்கே போறதுதானே?"

"லேஸ் தொங்குற கதவை வெளியாள் தட்டக் கூடாதே."

"அதுவும் சரிதான். ஜன்னல் சாத்தினது அவங்க புருஷனுக்காக. மூணு மாசம் முன்னாடி கப்பலோட முழுகிட்டாராம். சேதி வந்த அன்னைக்குச் சாத்தினது, இன்னும் திறக்கல."

"அப்பாடா! அவ்வளவுதானா?"

ஹூபெர்ட்டுக்குச் சுருக்கென்றது. "என்னய்யா, ஒரு மனுஷன் செத்தது உமக்கு அவ்வளவுதானா?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும். ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்க. என் மகளுக்கு வெளிச்சம் வேணும்."

சொல்லிவிட்டு வெளியேறினான்.

என் மகளா? ஹூபெர்ட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. அட, புருஷன் பிழைத்து வந்துவிட்டான்! சந்தோஷத்தில் வாசலுக்கு ஓடியவர், அவன் நின்ற இடத்தில் தேங்கியிருந்த தண்ணீரில் வழுக்கி முகம் குப்புற விழுந்தார். உதட்டில் பட்ட ஈரம் உப்புக் கரித்தது.

கால்வாயில் ஏது உப்பு? கடலோ இரண்டு மணி நேர நடை.

அந்தக் கோட்டு மூன்று மாதமாகக் காயவில்லை.