ஒன்றுமில்லாத இடம்

அணுக்கருவிலிருந்து எலெக்ட்ரானைத் தேடிப் புறப்பட்ட காணொளி இருட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது. ஸ்மார்ட் வகுப்பில் திரை கறுத்தால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்; பிள்ளைகள் பைகளை மூடத் தொடங்கினார்கள். "கரண்ட் போகல, உக்காருங்க. அணுவுக்குள்ள கிட்டத்தட்ட எல்லாமே வெறும் இடம்தான். உங்க உடம்புக்குள்ளயும் இதேதான்" என்ற பியூலா டீச்சர், வழக்கம்போல் அந்தப் பகுதியை ஓட்டிவிட மவுஸை எடுத்தார். "ஓட்டாதீங்க டீச்சர்." மூன்றாவது பெஞ்சின் நடுவில், எப்போதும் முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து உட்காரும் சங்கவி. "எனக்குள்ளயா இவ்ளோ எடம் இருக்கு? அக்கா பிரசவத்துக்கு வந்திருக்கா டீச்சர். நேத்துலேர்ந்து நான் கதவோரமா உக்காந்துதான் தூங்குறேன்." டீச்சர் மவுஸை வைத்துவிட்டார். இருட்டு நகர்ந்தது. சங்கவி முழங்கைகளை மெல்ல விலக்கினாள், பிறகு கைகளை முழுதாக நீட்டினாள். அந்த நெருக்கமான பெஞ்சில், இரண்டு பக்கமும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தும், அவை யார்மேலும் படவில்லை. கடைசியில் ஓர் ஒளிப்புள்ளி தெரிந்தது, மணியும் அடித்தது. எல்லோரும் போன பிறகு அவள் மேசையருகே வந்தாள். "ரொம்ப தேங்க்ஸ் டீச்சர். நாளைக்கும் போடுவீங்களா? அந்தப் புள்ளியெல்லாம் வேணாம். அதுக்கு முன்னாடி வர்ற எடம் மட்டும் போதும்."