போன தலை, வந்த தலை

புதுச் சட்டப்படி, கடலுக்குப் போன படகில் எத்தனை பேர் போனார்களோ அத்தனை பேர்தான் கரை திரும்பலாம். பாம்பன் துறையிலுள்ள எந்திரம் முகம் பார்க்காது. தலைகளை மட்டும் எண்ணும். ஒன்று கூடினாலும் படகைத் திருப்பி அனுப்பிவிடும்.

கஸ்பாரும் தம்பி ஜஸ்டினும் மீன் பிடிக்கப் போன இடத்தில், மணல்திட்டில் ஓர் இலங்கைப் பெண் மயங்கிக் கிடந்தாள். மாலையில் நீர் ஏறினால் திட்டு முழுகிவிடும்.

"இவள கரையில விட்டுட்டு வந்து என்னைய ஏத்திக்க" என்று கஸ்பார் இறங்கிக்கொண்டான்.

எந்திரம் இரண்டு தலை எண்ணி வழிவிட்டது.

வீட்டில் அந்தப் பெண் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். டிவி விவாதத்தில் ஒருவர், சட்டத்தில் கடுமை போதாது என்றார். கஸ்பாரின் மனைவி ரெஜினா அதை அணைத்தாள்.

"தம்பி, நீ ஒத்தையா போனா ஒரு ஆளுதான திரும்பலாம்?"

ஜஸ்டின் அப்போதுதான் அதை யோசித்தான். "ஆமா அண்ணி."

"நானும் வந்தா?"

"ரெண்டு பேரு திரும்பலாம். ஒருத்தர் திட்டுலயே நிக்கணும்."

இருவரும் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவில்லை. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ஈரம் காயாத சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"தண்ணி ஏற முதல் வெளிக்கிடுவம், அண்ணா" என்று ஜஸ்டினிடம் சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தாள்.