அம்புக்குறி

மாலைக்குள் கட்டுரையை அனுப்பியாக வேண்டும் என்று தென்றல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் நூரைன் போன் செய்தாள்.

இருவருக்கும் சொந்த ஊர் திருவண்ணாமலை. பெங்களூரில் ஒரே ஆய்வுக்கூடம்; தென்றல் மட்டும் ஊர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். தென்றல் எழுதுவதை ஓட்டை தேடிப் படிப்பது நூரைனின் வேலை.

"மூணாவது படத்துல ஒரு அம்புக்குறி போட்டிருக்கியே, அது எதை வச்சுடி?"

படத்தில் இருந்தது நம் பால்வெளிக்குப் பக்கத்து நட்சத்திர மண்டலங்களில் ஒன்று. பக்கத்து என்றால், அதன் ஒளி நம்மிடம் வந்துசேர ஒரு கோடி வருஷத்துக்கு மேல் ஆகும். அதிலுள்ள ஹைட்ரஜன் வாயு அனுப்பும் ரேடியோ அலையை வைத்து, எது நம்மை நோக்கி வருகிறது, எது விலகிப் போகிறது என்று சொல்லிவிடலாம். வருவதற்கு நீலம், போவதற்குச் சிவப்பு.

மண்டலம் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்பதை மட்டும் நிறம் சொல்லாது. அதை வேறு வழியில் கண்டுபிடித்து, அம்புக்குறி போட வேண்டும். மண்டலத்தின் எந்த ஓரம் நமக்குக் கிட்டே, எது தூரம் என்பதும் அதை வைத்துத்தான் தெரியும்.

தூரத்து ஓரத்து வாயு நம்மை நோக்கி வருவதால், அது வெளியிலிருந்து நடுவுக்குப் பாய்கிறது என்று தென்றல் எழுதியிருந்தாள். அப்படியானால் அங்கே புது நட்சத்திரங்கள் இன்னும் பிறக்கும். நல்ல செய்தி.

அவள் வீட்டிலும் நல்ல செய்திதான். மூன்று மாதத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு சென்னைக்குப் போன புருஷன் இனியன், நேற்று வந்துவிட்டான். கையில் ஒரு பை, அதுவும் காலியாகத் தொங்கியது. மாற்றுத்துணிகூட எடுத்து வரவில்லை. எல்லாம் இங்கேயே இருக்கும்போது எதற்குச் சுமக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, அவள் உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போட்டாள்.

"சொல்லுடி, எதை வச்சு?"

தென்றல் ஜன்னலைப் பார்த்தாள். அடி அண்ணாமலைத் தெருவில் பௌர்ணமிக் கூட்டம் மலையை வலமாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. அவள் பிறந்ததிலிருந்து பார்க்கும் கூட்டம்.

எதையும் வைத்துப் போடவில்லை. கை அதுவாக வலமாகப் போட்டது.

மண்டலத்தின் சுருள் கைகள் சுற்றும் திசைக்குப் பின்னால் இழுபட வேண்டும். அவள் போட்ட அம்புக்குறிப்படி அவை முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன.

"ஊரே மலைய வலமா சுத்துதுன்னா, அந்த மண்டலமும் கூட்டத்தோட சேந்து சுத்தணுமா?" என்றாள் நூரைன். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உன்னச் சொல்லி என்ன. ரெண்டு வருஷமா நானும்தான் இந்தப் படத்தப் பாக்குறேன். நானும் உன் ஊர்தானே, கண்ண உறுத்தவேயில்ல."

தென்றல் அம்புக்குறியைத் திருப்பினாள். கிட்டே இருந்த ஓரம் தூரமாயிற்று. தூரத்து ஓரம் கிட்டே வந்தது.

ஒரு எண்கூட மாறவில்லை. நீலம் நீலமாகவே இருந்தது, சிவப்பு சிவப்பாகவே இருந்தது. உள்ளே வந்துகொண்டிருந்த வாயு மட்டும் வெளியே போய்க்கொண்டிருந்தது.

"இன்னைக்கு அனுப்பலனு சார்கிட்ட சொல்லிடுறேன்" என்று போனை வைத்தாள்.

தண்ணீர் குடிக்க எழுந்து கூடத்துக்கு வந்தாள். குளியலறையில் இனியன் குளிக்கும் சத்தம் கேட்டது.

அவன் பை வாசல் கதவோரம் இருந்தது. நேற்றுபோல் துவண்டு கிடக்கவில்லை, நிமிர்ந்து நின்றது. ஜிப் முழுதாக மூடாமல் ஸ்வெட்டர் கை ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. சுவரில் அவன் பட்டமளிப்பு போட்டோ மாட்டியிருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

தென்றல் தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

இனியன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான்.

"பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டாள்.

துவட்டிய கை நின்றது.

"ஏழுக்கு" என்றான். "ரோட்ட வேற மூடிட்டாங்க. கூட்டத்தோட நடந்துதான் போணும்."