எதையும் அழிக்காத

"பாட்டு அனுப்ப பத்தொம்போது மணி நேரமா? இன்னா மதி, வெளாடுறியா?" என்றார் குமாரவேல். ராயபுரம் கல்மண்டபத்தில் இருந்த அந்த பிரவுசிங் சென்டர் அவருடையது; மதி அங்கே வேலை பார்ப்பவள்.

"சவுண்ட் ஃபைலைச் சுருக்கினா மூணு மணி நேரத்துல போயிடும் சார். ஆனா..." மதி பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள்.

"சுருக்காத," என்றாள் கெங்கம்மா. "எப்டி கீதோ அப்டியே போவட்டும்."

மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு வந்திருந்தாள். மடியில் வெள்ளை அட்டைக்குள் ஓர் எல்.பி. ரெக்கார்டு. அட்டையில் படம் இல்லை, பெயர் இல்லை. வெளிநாட்டில் நடந்த ஒரு ராக் கச்சேரியைக் கூட்டத்தில் நின்று யாரோ திருட்டுத்தனமாகப் பதிவு செய்து, கொஞ்சம் பிரதிகள் மட்டும் போட்டு விற்றது. பக்கத்துத் தெரு ஃப்ளோரா டீச்சர் வீட்டு ரெக்கார்டு பிளேயரை வாங்கி வந்து, கம்ப்யூட்டரோடு இணைத்து, இரண்டு பக்கத்தையும் மதிதான் ஏற்றியிருந்தாள். அன்று இரண்டாம் பக்கத்தை மட்டும் மூன்று முறை போடச் சொன்னாள் கெங்கம்மா.

"இன்னாக்கா திடீர்னு இங்கிலீஷ் பாட்டு? மீனு கூவும்போது பாடப் போறியா?"

"ஆமா நைனா. உன் பொண்ணு கல்யாணத்துல நாந்தான் கச்சேரி."

குமாரவேல் சிரித்துவிட்டார். "சரி, நாளிக்கு ஞாயித்துக்கெயம. போன் லைன் சும்மாதான் கீது. அனுப்பிக்கோங்க."

மதி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசியாக ஒருமுறை சரிபார்த்தாள். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். ஒலியில் இரைச்சல் இருந்தால் அவளுக்கு உறுத்தும்.

"அக்கா, ரெண்டாம் பக்கத்துல நாலாவது பாட்டு தொடங்குறதுக்கு முன்னாடி, ஒரு ஆள் மைக்குக்குப் பக்கத்துல நின்னு விசிலடிக்கிறான். ரெண்டு சின்னதா, ஒண்ணு நீளமா. காதே கிழியுது. அதை மட்டும் வெட்டிடவா?"

கெங்கம்மா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். மணிக்கட்டில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டது.

"எதையும் அழிக்காத பாப்பா. அப்டியே அனுப்புனாதான் தேதி சொல்லுவாங்கன்னு நீதான சொன்ன?"

உண்மைதான். அந்த இசைக்குழுவின் ரசிகர்கள் நடத்தும் இணையதளத்தில் மதி விசாரித்திருந்தாள். எதையும் மாற்றாமல் முழுவதும் அனுப்புங்கள், எல்லோரும் கேட்கட்டும். பாட்டுகளின் வரிசையையும் பாடகர் நடுவே பேசுவதையும் வைத்து, எந்த ஊர், என்றைக்கு என்று சொல்லிவிடுவோம் என்று பதில் வந்திருந்தது. கெங்கம்மாவுக்கு வேண்டியது அந்தத் தேதி மட்டும்தான்.

"தேதி எதுக்குக்கா?"

"அது தெரியாம எனக்குச் சோறு எறங்கல."

"இது உங்க வீட்டுக்காரர் வாங்கினதா?"

"இல்ல. பக்தவச்சலத்தோடது. ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல வேல. எழுபத்தொம்போதுல எங்க வூட்டுக்காரு கடல்ல வுழுந்து செத்துட்டாருன்னு சேதி கொணாந்ததே அவுருதான்." கெங்கம்மா ரெக்கார்டு அட்டையின் மூலையை நீவினாள். "போன மாசம் அவுரும் பூட்டாரு. அதுக்கு மொத நாளு என்னிய கூப்ட்டு இத்த கையில குடுத்தாரு. வாய் இய்த்துக்கிச்சு, பேச்சு வரல. அயுதுகினே இருந்தாரு."

மதி திரைப்பக்கம் திரும்பி, அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

லைன் இரண்டு முறை அறுந்தது. அறுந்த இடத்திலிருந்து மீண்டும் தொடர்ந்தாள்.

புதன்கிழமை பதில் வந்தது. வியாபாரம் முடிந்து வந்த கெங்கம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். மதி திரையைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"டென்மார்க்லேருந்து ஒருத்தர் எழுதியிருக்கார்க்கா. அந்தக் கச்சேரிக்கு அவரே போயிருந்தாராம். பதினெட்டு வருஷமா இந்தப் பதிவைத் தேடிட்டு இருந்திருக்கார். இதுவரைக்கும் நூத்துப் பன்னெண்டு பேர் இறக்கிக் கேட்டுட்டாங்க. எல்லாரும் உங்களுக்கு நன்றி சொல்றாங்க."

"தேதி?"

"ஹாம்பர்க்ல, துறைமுகத்துக்குப் பக்கத்துல. எண்பத்து மூணு, அக்டோபர் எட்டு."

"நல்லா பாரு. எம்பத்தி மூணுதானா?"

"ஆமாக்கா. அவரோட டிக்கெட்டையே ஸ்கேன் பண்ணி அனுப்பியிருக்கார். இதோ."

கெங்கம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எண்கள் தெரியும். திரைக்கு அருகில் போய் அந்த நான்கு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு விரல்களை மடக்கி எண்ணினாள். நான்கு விரல்கள் மடங்கின.

மதிக்குப் பாவமாக இருந்தது. கணவரின் நினைவாக ஏதாவது கிடைக்கும் என்று நம்பியிருப்பாள் போல. மெதுவாகச் சொன்னாள்: "அவர் இறந்து நாலு வருஷம் கழிச்சு நடந்த கச்சேரிக்கா இது. உங்க வீட்டுக்காரருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

கெங்கம்மா வாசலில் கூடையை மோப்பம் பிடித்த நாயைக்கூட விரட்டவில்லை.

"அந்த விசில ஒருக்கா போடு பாப்பா."

மதி ஸ்பீக்கரில் போட்டாள். கூட்டத்தின் இரைச்சல். அதைக் கிழித்துக்கொண்டு இரண்டு சின்ன விசில், ஒரு நீள விசில்.

கெங்கம்மாவின் கை வெறும் கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

"கப்பலுக்குப் போறதுக்கு மின்ன, அவுரு கட்டுமரத்துல போய்க்கினு இருந்தாரு. கர தெரிஞ்சதும் இப்டித்தான் அடிப்பாரு, நா ஒல வெக்கிறதுக்கு," என்றாள். "நா தாலியறுத்து நாலு வருசம் கயிச்சு, அங்க நின்னு விசிலடிக்கிறது எங்க வூட்டுக்காரு பாப்பா."