நாலாவது ஊசி

"வெள்ளம் குடிச்சானா குமாரி?" மதிலுக்கு மேல் கழுத்தை நீட்டிக் கேட்டாள் பக்கத்து வீட்டு சுகிர்தபாய்.

"ரெண்டு கிளாஸ் குடிச்சான். போதுமா?" என்று வெடுக்கென்று சொன்னாள் குமாரி.

கொல்லயில் ஊரில் அந்தத் தெருவுக்கு ஒரு மாதமாக இதே வேலைதான். குமாரியின் இளைய மகன் அனூஜைக் காலில் கடித்த நாய் மூன்றாம் நாளே செத்தது. அதற்கு வெறி இருந்தது உறுதி என்றார் மிருக டாக்டர். அன்றிலிருந்து அவன் இருமினால்கூடக் குரைப்பின் சாயல் தெரிகிறதா என்று நாலு வீடு காது கொடுத்தது.

இன்று காலையிலிருந்து கடிபட்ட இடத்தில் எறும்பு ஊர்வது போல் இருக்கிறதாம். பதறிப்போன குமாரி, ஊர் சுகாதாரத்தைக் கவனிக்கும் ஆஷா ஒர்க்கர் ஷீனாவுக்கு போன் போட்டாள்.

ஷீனா வந்ததும் ஊசி அட்டையைத்தான் வாங்கிப் பார்த்தாள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், நேற்று இருபத்தெட்டாம் நாள். நாலு கட்டத்திலும் சீல் விழுந்திருந்தது.

"இவனா இத்தனையும் போட்டான்?" சுகிர்தபாய்க்கு நம்பிக்கை இல்லை. "முதல் நாள் புண்ணைச் சுத்திக் குத்தினப்போ போட்ட விளி பாறசாலை ஸ்டேஷன் வரை கேட்டுதே!"

"எல்லாத்துக்கும் அண்ணன்காரன்தான் பைக்கில கொண்டு போனான்" என்றாள் குமாரி, பெருமையாக. "வரும்போ ரெண்டுபேரும் பரோட்டா தின்னுட்டு வருவானுவ."

ஷீனா சிரிக்கவில்லை. "அந்த வைரஸ் நரம்பைப் பிடிச்சு மெள்ள மெள்ள மேல ஏறும் அக்கா. ஊசி போட்டா அதை அடிக்க உடம்பு ஆள் சேர்க்கும். மூளைக்குப் போறதுக்கு முன்னால தடுத்தாத்தான் உண்டு. போயாச்சுன்னா, பிறகு ஒரு மருந்தும் கேக்காது."

"அப்போ இந்த எறும்பு ஊர்றது?" என்றாள் குமாரி.

"ஊசி போடாதவனுக்கு அது எமன் வந்து காலிங் பெல் அடிக்கதாக்கும். இவனுக்கு என்ன, நாலும் போட்டாச்சே! புண் ஆறுற நமைச்சல், பேடிக்காண்டாம், ஒரு பயமும் இல்ல. எலே, நேத்து குத்தின இடம் வலிக்கா?"

அனூஜ் வாய் திறப்பதற்குள் அவன் அண்ணன் அஜேஷ் முந்திக்கொண்டான். "லேசா தடிச்சிருக்கு. ராத்திரி பூரா சொறிஞ்சுது. நாளைக்குச் சரியாவும்."

சுகிர்தபாய் சற்றே ஏமாற்றத்துடன் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டாள். குமாரி நிம்மதியாக மூச்சு விட்டுவிட்டுச் சாயா போடப் போனாள்.

ஷீனா செருப்பை மாட்டினாள். அனூஜ் நொண்டிக்கொண்டே பின்னால் வந்து அவள் கையைப் பிடித்தான்.

"அக்கா, முதல் ஊசி மட்டுந்தான் எனக்கு; பாக்கி மூணும் என் அட்டையைக் காட்டி அண்ணன் அவனுக்க கையிலயாக்கும் போட்டான்."