எலும்பு மாமா

புது மருமகள் ஜெர்லின் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அமல்ராணி மகனைக் கூப்பிட்டாள்.

"டேய் பிரவீனு! உன் பொண்டாட்டி டிவியில மாட்டுற கேம் பொட்டியைப் பிரிச்சுப் போட்டுக்கினு உக்காந்துகீறா பாரு. நாளைக்கு எங்க கல்யாணத்துக்கு வெள்ளி விழா. ஜனம் வர்ற நேரத்துல டிவி பேஜாராயிடப் போவுது."

"அவ எலக்ட்ரானிக்ஸ் படிச்சவம்மா. அதுல இருந்த டிஸ்க்கு சின்னது. கேமுக்கே பத்தல. பெருசா ஒண்ணு மாட்டுறா. இனிமே படம், பாட்டு, போட்டோ, உன் கல்யாண வீடியோ எல்லாம் அந்தப் பொட்டியிலயே போட்டு டிவியில பாக்கலாம்."

கல்யாண வீடியோ என்றதும் அமல்ராணி அடங்கிப்போனாள்.

தொண்ணூற்று மூன்றில் எடுத்த கேசட் அது. திண்டிவனத்தில் அந்தத் தெருவே அதைப் பார்த்து வளர்ந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் அமல்ராணியின் புருஷன் தொம்மை வீட்டில் கேக் உண்டு, கேசட்டும் உண்டு. ஆப்பிள் வெட்டினாற்போல ஒரு இதயம், அதற்குள் தொம்மையும் அமல்ராணியும் சுற்றுவார்கள். செத்துப்போனவர்கள் எல்லாம் பட்டுச்சேலையில் சிரித்தபடி நடந்து வருவார்கள். அதைப் பார்க்கும்போது யாருக்கும் அழுகை வராது, அவ்வளவு சந்தோஷம்.

ஆனாலும் எல்லாரும் காத்திருப்பது பந்திக் காட்சிக்குத்தான். தொம்மையின் அக்கா புருஷன் சவரிமுத்து கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருப்பார். இலையில் கறி இருக்காது, எலும்புதான் இருக்கும். மனுஷன் எழுந்து பிரியாணியோடு இலையை வீசி எறிவார்.

உடனே யாராவது ரிமோட்டைப் பிடுங்கிப் பின்னால் ஓட்டுவார்கள். சிதறிய சோறெல்லாம் தரையை விட்டு எழும்பி இலையில் வந்து உட்காரும். இலை பறந்து மாமா கைக்கு வரும். மறுபடி எறிவார், மறுபடி வரும். வீடே உருண்டு சிரிக்கும். சவரிமுத்துவும் கூடவே சிரிப்பார். எலும்பு மாமா என்ற பேர் அப்படி வந்ததுதான்.

கேசட் போட்டுப் பார்க்கும் டெக் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. ஜெர்லின்தான் கேசட்டை விழுப்புரம் கொண்டுபோய்ப் பென் டிரைவில் ஏற்றி வந்தாள். ஏற்றி முடித்த கையோடு நாடா அறுந்துவிட்டதாம்.

மறுநாள் பூசை முடிந்து சொந்தபந்தம் எல்லாம் ஹாலில் நெருக்கியடித்து உட்கார்ந்தது. பெட்டி ஓடியது. இதயம் சுற்றியது. செத்தவர்கள் நடந்தார்கள். பந்தி வந்தது.

"வருது பாரு, எலும்பு மாமா!"

வரவில்லை. திரையில் சட்டென்று பொண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

"எங்கடி அது?" என்றாள் அமல்ராணி.

"டிஸ்க்குல இடம் பத்தல அத்தை. கொஞ்சம் வெட்ட வேண்டியதாப் போச்சு."

"பென் டிரைவுல இருக்குமில்ல?"

"அதையும் அழிச்சிட்டேன் அத்தை."

அமல்ராணிக்கு வந்ததே கோபம். "உன் கல்யாண வீடியோவுக்கு மட்டும் இடம் இருந்துச்சா? அதுல ஒரு துண்டும் கொறையல. எங்களுதுன்னா வெட்டிக் கடாசிடுவியா?"

ஜனம் உச்சுக் கொட்டியது. பிரவீன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, சாப்புட வாங்க!" என்று தொம்மை கூப்பிட்டதும் ஹால் காலியானது.

சவரிமுத்து மட்டும் போகவில்லை.

"ஏம்மா, இந்தப் பொட்டியில இன்னும் எவ்ளோ இடம் கீது?"

ஜெர்லின் தயங்கினாள். பிறகு ஒரு பட்டனை அழுத்தினாள். திரையில் கணக்கு வந்தது. முக்கால்வாசி காலி.

"இது மாதிரி இன்னும் பத்து கல்யாணம் வெக்கலாம் பெரியப்பா."

"அப்புறம் ஏம்மா அத்தினி பேரு எதுருல பேச்சு வாங்கின?"

"எங்க கல்யாண வீடியோவை ஏத்தும்போது பாத்தேன் பெரியப்பா. எல்லாப் பந்தியிலயும் நீங்க பிரியாணி வாளியோட நிக்கிறீங்க. ஒண்ணுலகூட உக்காரல. அப்புறம் வீட்டுல இருந்த மத்த சி.டி.யெல்லாம் போட்டுப் பாத்தேன். ஞானஸ்நானம், புதுநன்மை, எந்த விருந்துலயும் நீங்க உக்காரல. வாளிதான்."

சவரிமுத்து சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"உக்காந்தா என் எலையத்தான் எல்லாரும் பாப்பாங்கம்மா" என்றார். "தொம்மை கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பூரா அடுப்பாண்ட நின்னேன். பசி. புத்தி கெட்டுப் போச்சு."

"உங்களக் கேக்காமதான் வெட்டிட்டேன். தப்புன்னா மன்னிச்சுக்குங்க."

அவர் அவள் தலையில் ஒரு நிமிஷம் கை வைத்தார்.

பின்கட்டிலிருந்து அமல்ராணியின் குரல் வந்தது. "அண்ணே! எங்க போயிட்டீங்க? ஜல்தி வாங்க, பிரியாணி ஆறுது. நீங்க போட்டாத்தான் பந்தி நடக்கும்."

சவரிமுத்து போனார். பழக்கதோஷத்தில் வாளியை எடுத்தார். எடுத்தவர், வெள்ளி விழா மாப்பிள்ளை தொம்மையின் கையில் அதைக் கொடுத்தார்.

"இன்னிக்கு நீ போடுடா."

"ஏன் மாமா, ஒடம்புக்கு என்னா?"

அவர் பந்தியில் காலியாயிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"ஜெர்லினு, எனக்கு ஒரு எல போடும்மா."