மூடி கழற்றிய நிலா

மங்கலாகத் தெரிவதைத் தானே திருத்தி அழகாகக் காட்டும் தொலைநோக்கி அந்தக் கல்லூரிக்கு வந்து மூன்று வருடமாகிறது. அதில் நிலாவை ஆராய்ந்து நான்கு பேர் முனைவர் பட்டம் வாங்கி, வீட்டு வாசலில் பலகையும் மாட்டிவிட்டார்கள். பிராக்டிகலுக்கு வந்த பூங்கோதைதான், லென்ஸ் மூடியில் கம்பெனி ஒட்டிய டேப்கூடப் பிரிக்கப்படவில்லை என்பதைக் கவனித்தாள். அதைப் பிய்த்து, மூடியைக் கழற்றி, திருத்தும் பொத்தானையும் அணைத்தாள். புழுதி வானத்தில் மங்கலாக நடுங்கிய நிலாவை அப்படியே ரெக்கார்டில் வரைந்தாள்.

"என்ன கண்றாவிம்மா இது?" என்றார் பேராசிரியர் தணிகைவேல்.

"மூடியே திறக்கல சார். இத்தனை நாளும் அதுவே வரைஞ்சு காட்டியிருக்கு."

அந்த நால்வரில் அவரும் ஒருவர். தொலைநோக்கியில் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"நல்லா இருந்த நிலாவக் கெடுத்து வெச்சிருக்கியே!"

பூஜ்யம் போட்டுவிட்டு, பொத்தானைத் தட்டி, மூடியை இறுக மாட்டினார். நிலா மறுபடி பளிச்சென்று தெரிந்தது.